காளையிடம் பால் கறந்த கதாநாயகியும் சித்தப்பாவின் மேல் வந்த மூன்றாவது புகாரும்

2023 மார்ச் 14, செவ்வாய்க்கிழமை, காலை 9 மணி 42 நிமிடம். உங்கள் சேனலின் மேல் இதுவரை வந்துள்ள புகார்கள்: மூன்று.

கர்த்தருக்குள் அன்பான வில்மர் சித்தப்பாவுக்கு,

உங்கள் அண்ணன் மகன் கெண்டல் கலிபோர்னியாவிலிருந்து எழுதுவது. இங்கே நான் சுகம். அங்கே நீங்கள், லோயிஸ் சித்தி, நாற்பத்தாறு மாடுகள், சமையலறைக் கதவைத் தலையால் முட்டித் திறக்கும் அந்தக் கன்றுக்குட்டி எல்லோரும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். மரியாதை முடிந்தது. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

மூன்று என்றால் என்ன என்று தெரியாதது போல் முகத்தை வைத்துக்கொள்ளாதீர்கள். ஒன்று என்றால் எச்சரிக்கை, இரண்டு என்றால் கடைசி எச்சரிக்கை, மூன்று என்றால் சேனலையே அழித்துவிடுவார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை வரைதான் அவகாசம். அதற்குள் நீங்கள் மறுப்பு அனுப்பாவிட்டால் இத்தனை நாள் பேசிய அத்தனை வீடியோக்களும், கீழே ஜனங்கள் கேட்ட கேள்விகளும், மாட்டுக்கு வயிறு உப்பினால் என்ன செய்வது என்று நீங்கள் ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதிய பதில்களும், எல்லாம் போய்விடும். இதைப் போனில் சொல்லாமல் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று சித்தி கேட்பார்கள். போனில் நீங்கள் பேசாமல் இருந்தே என்னை ஜெயித்துவிடுகிறீர்கள். நான் பத்து நிமிடம் கத்துகிறேன், நீங்கள் "ம்" என்கிறீர்கள், உடனே எனக்கே என் பேச்சில் சந்தேகம் வந்துவிடுகிறது. தாளிடம் அந்தத் தொந்தரவு இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. இந்த வீடியோத் தளத்தில் நான் பார்க்கும் வேலையே புகார்கள் வந்து விழும் மென்பொருளை ஓட்டுவதுதான். அதனால் சொந்தக்காரர் விவகாரத்தில் கை வைக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். உங்கள் புகார் என் திரையில் தெரிகிறது. பக்கத்திலேயே பட்டனும் தெரிகிறது. தொட்டால் வேலை போய்விடும். காலையிலிருந்து எழுதாத கையைக் கால்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கிருந்து ஆரம்பித்தது இது? போன வருஷம் பனியில் வழுக்கி இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டு படுத்தீர்களே, அங்கிருந்துதான். சித்தியின் தங்கை பொழுதுபோக்குக்கு என்று ஒரு டேப்லெட்டைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதில் 'களஞ்சியத்தில் ஒரு முத்தம்' என்ற தொடர் ஓடியது. காரும் கரண்டும் வேண்டாம் என்று குதிரை வண்டியில் போகும் நம் பக்கத்து ஆமிஷ் ஜனங்களைப் பற்றி, நம் லங்காஸ்டர் மாவட்டத்தையே பார்த்திராத யாரோ எடுத்த தொடர். இரண்டாவது பாகத்திலேயே நீங்கள் வாயைத் திறந்துவிட்டீர்கள். அன்றைக்குச் சித்தி எனக்குப் போன் பண்ணினது இன்னும் காதில் இருக்கிறது.

"கெண்டல், உங்க சித்தப்பா பேசுறாருடா!"

"யார்கிட்ட?"

"டேப்லெட்கிட்ட. சாப்பாட்டு மேஜையில 'உப்பு'ன்னு ஒரு வார்த்தை சொன்னாலே எனக்கு அன்னிக்குப் பெரிய நாள். இப்ப இருபது நிமிஷமா விடாம பேசிக்கிட்டிருக்காரு. குதிரைக்குச் சேணத்தைத் தலைகீழா மாட்டியிருக்கானாம். 'இவனுக்கு யாரு லகான் குடுத்தது?'ன்னு கேக்குறாரு. யாரைக் கேக்குறாருன்னே தெரியல. நான் கதவுக்குப் பின்னால நின்னு கேட்டுக்கிட்டிருக்கேன். உள்ள போனா நிறுத்திருவாரோன்னு பயமா இருக்கு."

அதைப் படம் பிடியுங்கள் என்று சித்திக்குச் சொன்னவன் நான். சேனல் திறந்து கொடுத்தவனும் நான். ஆகவே எனக்கும் பங்கு உண்டு, அதை யாரும் எனக்கு ஞாபகப்படுத்த வேண்டாம்.

சட்டத்தை மறுபடி ஒரு தரம் சொல்கிறேன், தயவுசெய்து முழுக்கப் படியுங்கள். அடுத்தவன் எடுத்த படத்தை அப்படியே எடுத்துப் போட்டால் திருட்டு. ஆனால் அதை விமர்சிக்க, கேலி செய்ய, பாடம் நடத்த, தேவையான அளவு எடுத்துக் காட்டினால் அது நியாயமான பயன்பாடு. அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். உங்கள் முதல் வீடியோவில் தொடரின் காட்சி ஒன்பது விநாடி, நீங்கள் பேசியது பதினான்கு நிமிடம். சேணத்தைப் பற்றி மட்டும் நான்கு நிமிடம். இந்த நாட்டிலேயே இதைவிட நியாயமான பயன்பாடு கிடையாது. அப்படியிருந்தும் ஜனவரியில் அந்தத் தொடர்க் கம்பெனி புகார் அனுப்பியது. மனுஷன் பார்த்து அனுப்பவில்லை. இயந்திரம் ஊரெல்லாம் தேடித் தன் படத்தின் துண்டைக் கண்டுபிடிக்கிறது, அடியில் கார்லா ஒகாம்போ என்ற ஒரு பெண்ணின் பெயரைப் போட்டு எங்களுக்கு அனுப்புகிறது. அனுப்பும் முன்பு இது நியாயமான பயன்பாடாக இருக்குமோ என்று யோசித்துப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இயந்திரம் யோசித்ததாம்.

எங்கள் கம்பெனி ஏன் உடனே வீடியோவை இறக்கியது என்று கேட்டீர்கள். கேட்டது கூட இல்லை, "ம்?" என்றீர்கள். பதில் இதுதான்: புகார் வந்ததும் இறக்கினால் எங்கள் தலை தப்பும். இறக்காமல் வைத்திருந்தால், நீங்கள் செய்தது தப்பு என்று ஆகும்போது எங்களையும் சேர்த்துக் கூண்டில் ஏற்றுவார்கள். யார் பக்கம் நியாயம் என்று நாங்கள் பார்ப்பதில்லை. பார்க்க ஆரம்பித்தால் முடியாது.

சரி, நீங்கள் செய்ய வேண்டியிருந்தது என்ன? ஒரு படிவம். ஒரு பெட்டியில் ஒரு டிக். ஜனவரி மாதம் நமக்குள் நடந்த பேச்சை அப்படியே எழுதுகிறேன், நீங்களே படித்துப் பாருங்கள்.

"அந்தப் பெட்டியில என்னடா எழுதியிருக்கு?"

"'பொய் சொன்னால் தண்டனை என்று அறிந்து சத்தியம் செய்கிறேன்'னு. எல்லாருக்கும் அதேதான். டிக் பண்ணுங்க."

"நாம சத்தியம் பண்றதில்லையே."

"சித்தப்பா, அது ஒரு பெட்டி!"

"பெட்டிதான். உள்ள சத்தியம்ல இருக்கு. ஆமான்னா ஆமா, இல்லன்னா இல்ல. அதுக்கு மேல எதுக்குடா ஒண்ணு?"

"சரி, அடுத்த பெட்டி. அவங்க கேஸ் போட்டா கோர்ட்டுக்குக் கட்டுப்படுறேன்னு இருக்கும்."

"நாம கோர்ட்டுக்குப் போற ஜனமாடா?"

அதோடு முடிந்தது. ஏறக்குறைய ஐந்நூறு வருஷமாக நம் மெனோனைட் சபை ஜனங்கள் சத்தியம் செய்ததில்லை, யார் மேலும் வழக்குப் போட்டதில்லை. சிறைக்குப் போனார்கள், கப்பல் ஏறினார்கள், வாயைத் திறந்து சத்தியம் மட்டும் செய்யவில்லை. அப்பேர்ப்பட்ட பரம்பரை கடைசியில் வந்து முட்டிக்கொண்டு நின்றது என் கம்பெனியின் டிக் பெட்டியில்.

பிப்ரவரியில் இரண்டாவது புகார். அதுவும் ஒன்பது விநாடிதான். இப்போதாவது மறுப்பு அனுப்புவீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் என்ன செய்தீர்கள்? "இத்தனை தரம் ஒருத்தங்க வருத்தப்பட்டிருக்காங்கன்னா எங்கிட்ட ஏதோ தப்பிருக்கு" என்று ஒரு வாரம் யோசித்தீர்கள். யோசித்துவிட்டுச் சித்தியிடம் சொன்னீர்களாம்:

"லோயிஸ், நான் அவங்க குறையை மட்டும் வெட்டி எடுத்துக் காட்டியிருக்கேன். முன்னபின்ன என்ன இருந்துச்சுன்னு காட்டல. அது புறங்கூறல்தானே?"

ஆகவே மூன்றாவது வீடியோவில், பரிகாரமாக, ஆறு நிமிடக் காட்சியை ஒரு விநாடி விடாமல் முழுசாகப் போட்டுவிட்டீர்கள்! சித்தப்பா, தேவையான அளவுதான் எடுக்கலாம் என்று சொன்னேனா இல்லையா? சட்டத்துக்கு எது நல்லதோ அது உங்கள் மனசாட்சிக்குப் பாவமாக இருக்கிறது. உங்கள் மனசாட்சிக்கு எது நல்லதோ அது சட்டத்துக்குத் திருட்டாக இருக்கிறது. நடுவில் உட்கார்ந்து எனக்குத் தலைவலி.

அதிலும் எந்தக் காட்சி! கதாநாயகி விடியற்காலையில் அழுதுகொண்டே பால் கறக்கிறாள். அவள் பக்கத்தில் நிற்பது கறுப்பு ஆங்கஸ். இறைச்சிக்கு வளர்க்கும் இனம். அதுவும் பசு இல்லை, காயடித்த காளை. அடுத்த விநாடி மடியை மட்டும் கிட்டத்தில் காட்டுகிறார்கள், அது வெள்ளையும் கறுப்புமாக ஒரு ஹோல்ஸ்டீன் பசுவின் மடி. "முன்னால பாதி ஒரு வீட்டு மாடு, பின்னால பாதி இன்னொரு வீட்டு மாடு. நடுவுல இந்தப் பொண்ணு அழுவுறா. அழத்தானே செய்வா, பாவம்" என்று முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் சொன்னீர்களே, அதற்கு நான் ஆபீசில் மேஜைக்கு அடியில் போய்ச் சிரித்தேன். அதற்கப்புறம், நியாயமாக நடக்க வேண்டும் என்று, "ஆனா மாட்டைத் தொடுற கை பயப்படல. நல்ல கை" என்று அந்த நடிகையைப் பாராட்டவும் செய்தீர்கள். எல்லாம் சரி. ஆறு நிமிடம் சரியில்லை. இன்று காலை 9.42க்கு வந்தது அதன் மேல்தான்.

இது போதாதென்று 9.50க்கு இன்னொன்று வந்தது. என் மேலாளர் டெவன் நாற்காலியை உருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"கெண்டல், உன் குடும்பப் பேர் லாண்டிஸ்தானே?"

"ஆமா."

"லங்காஸ்டர்ல எத்தனை லாண்டிஸ் இருக்காங்க?"

"சபையிலயா, மாவட்டம் முழுக்கவா?"

"அந்தத் தொடர்க் கம்பெனிக்கு எண்பத்தேழு கடிதம் போயிருக்கு. அதுல முப்பத்தொண்ணு லாண்டிஸ். கூட்டம் சேர்ந்து மிரட்டுறாங்க, இதுக்கு நீங்களும் உடந்தைன்னு அவங்க வக்கீல் நமக்கு எழுதியிருக்கார்."

பிறகுதான் சித்திக்குப் போன் போட்டு நடந்ததைக் கேட்டேன். எனக்குத் தெரியாமல் நீங்கள் சபை வழியில் போயிருக்கிறீர்கள். ஒருத்தர் மேல் வருத்தம் இருந்தால் முதலில் தனியாகப் போய் அவரிடமே பேசு. கேட்காவிட்டால் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போ. அதற்கும் கேட்காவிட்டால் சபைக்குச் சொல். ஞாயிறு பள்ளியில் நானும் படித்தவன்தான். ஆனால் அது வேலிச் சண்டைக்குச் சொன்னது சித்தப்பா! இரண்டாவது புகாரின் அடியில் இருந்த எண்ணைப் பார்த்து, மூவாயிரம் மைலுக்கு அப்பால் பர்பேங்கில் இருக்கும் கார்லா ஒகாம்போவுக்கு நீங்கள் தனியாகப் போன் பண்ணியிருக்கிறீர்கள். அதில் ஒன்றும் நடக்காததும் சித்தியையும் நம் சபை டீக்கன் லெஸ்டரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஸ்பீக்கரில் பேசியிருக்கிறீர்கள். அதிலும் ஒன்றும் நடக்காததும், இரண்டு வாரத்துக்கு முன்பு ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து நின்று சொல்லியிருக்கிறீர்கள். சபையார் வீட்டுக்குப் போய்ப் பேனாவை எடுத்துவிட்டார்கள். சித்தி வெல்லப்பாகு ஊற்றிச் சுட்ட ஒரு ஷூஃப்ளை பையும் செய்து தட்டோடு அனுப்பியிருக்கிறார்கள். அழியப்போகும் சேனலுக்காகப் பை அனுப்பி மேல்முறையீடு செய்த ஆள் உலகத்திலேயே நீங்கள் ஒருத்தர்தான்.

மிரட்டலுக்குச் சான்றாக வக்கீல் டீக்கன் லெஸ்டரின் கடிதத்திலிருந்து ஒரு வரியை எடுத்துக் காட்டியிருக்கிறார்: "நாங்கள் உங்களை விடப்போவதில்லை." டீக்கன் எலிப்பொறிக்கே வருத்தப்படுகிறவர். அவர் எழுதினாரா இதை? நான் சொல்வதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: எதிராளிக்கு நேரே போன் போட்டுப் பேசி இந்தத் தொழிலில் இதுவரை ஒருத்தரும் ஒன்றும் சாதித்ததில்லை. சாதிக்கப் போவதும் இல்லை.

ஆகவே இப்போது என் பேச்சைக் கேளுங்கள். மறுப்பைப் படிவத்தில்தான் அனுப்ப வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டும் அனுப்பலாம். சத்தியத்துக்குப் பதிலாக உறுதி கூறுவதை இந்த நாட்டுச் சட்டம் ஒப்புக்கொள்கிறது, நம்மைப் போன்ற பிடிவாதக்காரர்களுக்காகவே ஒப்புக்கொண்டது. முதல் இரண்டு வீடியோவுக்கும் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். "உறுதி கூறுகிறேன்" என்றுதான் இருக்கும், சத்தியம் என்ற வார்த்தை எங்கும் இல்லை, பூதக்கண்ணாடி வைத்துத் தேடுங்கள். கோர்ட் வரி இருக்கத்தான் செய்யும். அது நீங்கள் வழக்குப் போடுவது இல்லை. யாராவது கூப்பிட்டால் ஒளிய மாட்டேன் என்பது மட்டும்தான். நீங்கள் என்றைக்கு ஒளிந்தீர்கள்? மூன்றாவதை விட்டுவிடுங்கள், ஆறு நிமிடத்துக்கு என்னால் வாதாட முடியாது. இரண்டு புகார் கழிந்தால் சேனல் பிழைக்கும்.

காலையில் போனில் சித்தி கடைசியாக என்ன சொன்னார்கள் தெரியுமா? எனக்குத்தான் காலை, அங்கே அப்போது மத்தியானம் தாண்டிவிட்டது. "இன்னிக்கு மத்தியானம் சாப்பிடும்போது உங்க சித்தப்பா உப்பை மட்டும்தான் கேட்டாருடா. மறுபடி அப்படியே ஆயிருவாரோ?" என்றார்கள். அந்தப் பெண்மணிக்காகவாவது கையெழுத்துப் போடுங்கள். போடாவிட்டால் ஈஸ்டருக்கு நான் வரப்போவதில்லை. போனும் செய்யப்போவதில்லை. இந்த விஷயத்தில் இதுதான் என் கடைசி வார்த்தை.

சித்திக்கு என் அன்பு. டீக்கன் லெஸ்டருக்கு வணக்கம், இனிமேல் அவர் தபால்தலை வாங்கும்போது யாராவது கூடப் போகட்டும். கன்றுக்குட்டிக்கு நெற்றியில் ஒரு தட்டு. உங்கள் இடுப்பெலும்பையும் உங்கள் பிடிவாதத்தையும் கர்த்தர் காப்பாராக. முதலாவதை முதலில்.

கோபத்துடனும் பாசத்துடனும்,
கெண்டல் லாண்டிஸ்

பின்குறிப்பு: மாலை 4.55. கூரியர்காரன் ஐந்தேகாலுக்கு வருவான், அதற்குள் எழுதி முடிக்க வேண்டும். உறையை ஒட்டப்போகும்போது தெரியாத எண்ணிலிருந்து போன்.

"கெண்டலா? நான் கார்லா ஒகாம்போ. ஏதாவது புரியலன்னா எங்க அண்ணன் பையனைக் கூப்பிடுங்க, அவன் நிறையப் பேசுவான்னு உங்க சித்தப்பாதான் நம்பர் குடுத்தார்."

என்னைப் பற்றி நீங்கள் வெளியில் இப்படித்தான் சொல்கிறீர்களா? இருக்கட்டும். அவள் சொன்னதைக் குறைக்காமல் எழுதுகிறேன்.

"உங்க சித்தப்பா முதல்ல போன் பண்ணினப்ப பேரைச் சொன்னார், அதோட பேசவே இல்ல. லைன் கட் ஆயிடுச்சோன்னு 'ஹலோ'ன்னேன். 'இருக்கேம்மா'ன்னார். அவ்வளவுதான். அப்புறம் அரை மணி நேரம் நான்தான் பேசினேன். ஒரு நாளைக்கு நானூறு புகார் என் பேர்ல போகுது, ஒண்ணைக்கூட நான் பார்க்கிறதில்லன்னு சொன்னேன். எங்க அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனதையும் சொல்லிட்டேன். ஏன் சொன்னேன்னே தெரியல. கடைசியில 'நேரம் கிடைச்சா அந்த மாட்டை ஒரு தடவை பாரும்மா'ன்னு சொல்லிட்டு வெச்சுட்டார். நான் பார்க்கல."

"அப்புறம்?"

"அப்புறம் எண்பத்தேழு கடிதம் வந்தது. எங்க வக்கீல் அதுல ஒரு வரியை மட்டும் பார்த்துட்டு உங்களுக்கு எழுதிட்டார், மீதி மிரட்டலையும் தேடி எடுன்னு கடிதக் கட்டை என் மேஜையில வெச்சார். ரெண்டு நாளா அதைத்தான் படிச்சேன். காலையில உங்களுக்கு வந்த புகார்கூட நான் அனுப்பல, நான் கடிதம் படிச்சிட்டிருந்தப்ப இயந்திரமே அனுப்பிடுச்சு. அத்தனை பேரும் முதல் வரியில தொந்தரவுக்கு மன்னிப்புக் கேட்டிருக்காங்க. ரெண்டாவது வரியில எங்க அம்மா முழங்காலை விசாரிச்சிருக்காங்க. ஒன்பது பேர் தைலம் அனுப்பியிருக்காங்க. அந்த லெஸ்டர் எழுதினது என்ன தெரியுமா? 'உங்கள் அம்மா எழுந்து நடக்கும்வரை ஜெபத்தில் நாங்கள் உங்களை விடப்போவதில்லை.' வக்கீல் கடைசி மூணு வார்த்தையை மட்டும் வெட்டி எடுத்திருக்கார்."

சித்தப்பா, அந்த இடத்தில் நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். முழுசாகக் காட்டாவிட்டால் புறங்கூறல் என்று நீங்கள் சொன்னது ஞாபகம் வந்தது. ஒப்புக்கொள்ள மனமில்லை. ஒப்புக்கொள்கிறேன்.

"அதுக்கப்புறம்தான் அந்த மாட்டைப் பார்த்தேன். ஒரு தடவை இல்ல, நாலு தடவை. அப்புறம் ஆபீஸ்ல ஏழு பேர் சேர்ந்து பார்த்தோம். ஏழாவது ஆள் அந்தத் தொடரோட எடிட்டர். அவர் மட்டும் சிரிக்கல. மூணு புகாரையும் வாபஸ் வாங்கிட்டேன், வக்கீலும் உங்களுக்கு எழுதின கடிதத்தை வாபஸ் வாங்கிட்டார். ஆறு நிமிஷமும் அப்படியே இருக்கட்டும், அதை வெட்டினா அந்தக் காளைக்கு நியாயம் கிடைக்காது. ஆமா, அந்தப் பைத் தட்டை எங்க திருப்பி அனுப்பணும்?"

என் திரையில் பார்த்தேன். உங்கள் சேனலின் மேல் உள்ள புகார்கள்: பூஜ்யம். நான் ஒரு பட்டனையும் தொடவில்லை, கை பைக்குள்தான் இருந்தது. மேலே எழுதிய அத்தனையும் இப்போது ஒன்றுக்கும் உதவாது. ஆகவே இனி நான் செய்யப்போவது:

1. இந்தக் கடிதத்தை ஒரு வரிகூட வெட்டாமல் அனுப்புவேன். கடைசிப் பக்கத்தை மட்டும் அனுப்பி நல்லவனாக இருக்கலாம், ஆனால் அது புறங்கூறல் ஆகிவிடுமாம்.

2. இணைத்த தாளை எடுக்க மாட்டேன். கையெழுத்து வேண்டாம். பின்பக்கம் காலியாக இருக்கிறது, சித்தி கடைச் சாமான் பட்டியல் எழுதிக்கொள்ளட்டும்.

3. எங்கள் படிவத்தில் "சத்தியம் செய்கிறேன்" என்பதற்குப் பக்கத்தில் "உறுதி கூறுகிறேன்" என்று இன்னொரு பெட்டி வைக்கச் சொல்லி இன்றே எழுதிக் கொடுப்பேன். இதை எத்தனை பேர் பயன்படுத்தப் போகிறார்கள் என்று டெவன் கேட்பார். எண்பத்தேழு என்பேன்.

4. ஈஸ்டருக்கு வருவேன். வழியில் பர்பேங்கில் இறங்கி, தட்டை வாங்கி வருவேன். காலியாகக் கொடுக்க மாட்டாளாம், அவள் அம்மா மக்காச்சோள மாவில் தமாலே அவித்து வைப்பாராம். விமானத்தில் நசுங்கினால் என்னைக் கேட்காதீர்கள். நான் வெறும் தளம்தான், உள்ளே இருப்பதற்குப் பொறுப்பில்லை.

5. வரும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உங்களுக்குப் போன் செய்து "கெண்டல் பேசுறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, நீங்கள் பேசி முடிக்கும்வரை வாயைத் திறக்க மாட்டேன். சித்தி கதவுக்குப் பின்னால் நிற்கட்டும். சத்தியம் செய்யவில்லை. ஆமான்னா ஆமா.